அதே பெயர், வேறு ஆள்: இணையத்தில் பெயரொத்தவர்களைத் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெயர் அபூர்வமானதல்ல. பள்ளியில் எந்த வகுப்பிலும் அதே பெயரில் இன்னொருவர் இருப்பார். ஆசிரியர் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நிற்போம். அதனாலோ என்னவோ, இணையத்தில் என் பெயர்க்காரர்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் பல வருடமாக உண்டு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் தாங்களும் தேடியதுண்டு என்று ஒப்புக்கொண்டு ஒரு சந்தேகத்தை எடுத்து விடுவார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

1. சொந்தப் பெயரையே தட்டித் தேடுவது கொஞ்சம் தற்பெருமையாகத் தெரியாதா?

தெரியும்தான். ஆனால் ஊரே செய்யும் காரியம் இது. ஆங்கிலத்தில் 'ஈகோ சர்ஃபிங்' என்று 1995லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கூகுள் நிறுவனம் தொடங்கப்பட்டது 1998இல். அதாவது தேடுவதற்கு நல்ல கருவி கிடைக்கும் முன்பே ஆசை வந்துவிட்டது.

நம் பெயரின்மேல் நமக்கு ஒரு சாய்வு இருப்பதை பெல்ஜிய உளவியலாளர் யோசெஃப் நுட்டின் 1985இல் ஆய்வாகவே வெளியிட்டார். எழுத்துகளைக் காட்டி, பிடித்தவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், காரணம் தெரியாமலே தங்கள் பெயரில் வரும் எழுத்துகளை மக்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. ஓர் எழுத்துக்கே இந்தப் பாசம் என்றால், முழுப் பெயரையும் சுமந்துகொண்டு எங்கோ நடமாடும் ஒருவரைப் பார்க்க ஆசைப்படுவதில் வியப்பில்லை.

2. நம் பெயரிலேயே இருக்கும் இன்னொருவரை என்னவென்று சொல்வது?

'கூகுள்கேங்கர்' என்றொரு சொல் உண்டு. உருவத்தில் நம்மைப் போலவே இருப்பவரைக் குறிக்கும் 'டோப்பல்கேங்கர்' என்ற ஜெர்மன் சொல்லில் கூகுளை ஒட்டவைத்தது. 2007ஆம் ஆண்டின் மிகக் கற்பனை வளமுள்ள சொல்லாக அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி இதைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு வாயில் நுழையவில்லை. எழுத்தில் 'பெயரொத்தவர்', பேச்சில் 'நம்ம பேர்க்காரர்'. அதுவே போதும்.

3. எங்கே ஆரம்பிக்க வேண்டும்? சும்மா பெயரைத் தட்டினால் போதாதா?

போதாது. முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். குறி இல்லாவிட்டால், ஒரு பக்கத்தில் பெயரின் முதல் பாதி ஒருவருக்கும் இரண்டாம் பாதி வேறொருவருக்கும் இருந்தாலும் அந்தப் பக்கம் வந்து நிற்கும்.

அடுத்தது, உங்களை நீக்க வேண்டும். உங்கள் தொழில், படித்த இடம், வேலை செய்யும் நிறுவனம் போன்ற சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டுச் சேர்த்தால், அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகிவிடும். நீங்கள் விலகியதும் மற்றவர்கள் தெரிய ஆரம்பிப்பார்கள். ஒரு பிரபலம் வழியை அடைத்துக்கொண்டு நின்றாலும் இதே வைத்தியம்தான்: அவருடைய தொழிலைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம் தேடுபொறியோடு நின்றுவிடாதீர்கள். நூலகப் பட்டியல்கள், ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புகள், மாரத்தான் ஓட்ட முடிவுகள், பழைய செய்தித்தாள் சேமிப்புகள் ஆகியவற்றில் சமூக வலைத்தளம் பக்கமே எட்டிப்பார்க்காத மனிதர்கள் கிடைப்பார்கள். எனக்குக் கிடைத்தவர்களில் மிகச் சுவாரசியமானவர் ஓட்டப் பந்தய முடிவுகளில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக, ஆனால் ஒரு வருடமும் தவறாமல்.

4. நான் தேடினால் என் பக்கம்தான் முதலில் வருகிறது. நண்பர் தேடினால் யாரோ ஒரு டாக்டர் வருகிறார். ஏன்?

உங்கள் முந்தைய தேடல்கள், இருக்கும் இடம், மொழி ஆகியவற்றைப் பார்த்துத் தேடுபொறி முடிவுகளை அடுக்குகிறது. உங்கள் பக்கத்துக்கு நீங்களே நூறு முறை போயிருப்பீர்கள். அது தேடுபொறிக்கும் தெரியும்.

கணக்கிலிருந்து வெளியேறி, தனிப்பட்ட உலாவல் சாளரத்தில் தேடினால் பழைய வரலாற்றின் பாதிப்பு குறையும். இடத்தின் பாதிப்பு அப்போதும் இருக்கும். ஊர் உங்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால், வேறு நாட்டில் இருக்கும் ஒருவரைத் தேடச் சொல்லித் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

5. 'சுமார் 2 லட்சம் முடிவுகள்' என்று காட்டுகிறது. என் பெயரில் அத்தனை பேரா?

இல்லை. அது ஆட்களின் எண்ணிக்கையே அல்ல, பக்கங்களின் எண்ணிக்கை. அதுவும் தேடுபொறி போடும் தோராய மதிப்பீடு. ஒரே மனிதரைப் பற்றி ஆயிரம் பக்கம் இருக்கலாம், ஒரே பக்கம் பத்து முகவரிகளில் நகலாகவும் இருக்கலாம். பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சில நூறு முடிவுகளோடு பட்டியல் நின்றுவிடும்.

6. தமிழில் தேடினால் யாரும் இல்லை, ஆங்கில எழுத்தில் தேடினால் கூட்டமாக இருக்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே அரைகுறை. ஆங்கில எழுத்தில் நம் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. 'கீதா' என்ற ஈரெழுத்துப் பெயரையே பாருங்கள். முதல் எழுத்தின் நெடிலுக்கு இரண்டு 'ஈ' போடலாம், ஒரு 'ஐ' போதும் என்றும் விடலாம். 'தா'வுக்கு 'டி-எச்-ஏ' எழுதலாம், வெறும் 'டி-ஏ'வும் எழுதலாம். இதிலேயே நான்கு கீதாக்கள் ஆகிவிட்டார்கள். பெயரில் ழகரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்: சிலர் 'இசட்-எச்', சிலர் 'எல்', சிலர் வெறும் 'இசட்'. நீங்கள் உங்கள் வழக்கப்படி மட்டும் தேடினால், அதே வழக்கமுள்ள பெயரொத்தவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். லிபியாவை ஆண்ட கடாஃபியின் பெயரை ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதியிருக்கின்றன. நம் பாடு பரவாயில்லை.

தமிழ் எழுத்தில் தேடும்போது வேறு தொல்லை. முதலாவது, ராஜா-ராசா, சரஸ்வதி-சரசுவதி, லக்ஷ்மி-லட்சுமி போன்ற இரட்டை வழக்குகள். இரண்டாவது, பலர் கவனிக்காதது: தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். 'முருகன்' என்று மேற்கோள் குறிக்குள் தேடினால், 'முருகனுக்குப் பரிசு', 'முருகனின் கட்டுரை' என்று வரும் பக்கங்கள் தப்பிப் போகலாம். பெயரை -உக்கு, -இன், -ஐ சேர்த்தும் ஒருமுறை தேடிப் பாருங்கள். புதிதாக யாராவது எழுந்து வருவார்கள்.

எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருந்தால் ஒன்றாக அடுக்கும் யோசனை கணினிக்கு முந்தையது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை, பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக மாற்றும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெயர் தேட அது பயன்பட்டது. வம்சாவளித் தேடல் தளங்கள் சிலவற்றில் இன்றும் அந்த வசதி உண்டு. ஆங்கில உச்சரிப்புக்காகச் செய்தது என்பதால் நம் ழகரத்துக்கு அது கைகொடுக்காது.

7. எனக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அதைச் சேர்த்துத் தேடவா, விட்டுவிட்டா?

இரண்டு விதமாகவும் தேடுங்கள். முன்னால் வைத்து, பின்னால் வைத்து, புள்ளியோடு, புள்ளி இல்லாமல், விரித்தெழுதி. 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும் படிவங்கள் இனிஷியல்காரர்களைப் பாடாய்ப் படுத்தும். ஒரே மனிதர் ஒரு தளத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டிருப்பார், இன்னொன்றில் தன் பெயரையே இரண்டு முறை எழுதியிருப்பார். அவரை இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள்.

இது நமக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல. ஐஸ்லாந்தில் தந்தை அல்லது தாய் பெயரோடு 'மகன்', 'மகள்' சேர்த்தே பெரும்பாலோரின் இரண்டாம் பெயர் அமைகிறது. தொலைபேசி விவரத் தொகுப்பையே முதல் பெயரின் அகர வரிசையில்தான் போட்டார்கள். ஹங்கேரியிலும் ஜப்பானிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். இந்தோனேசியாவின் சுகார்னோவுக்கு அந்த ஒரு பெயர் மட்டுமே. பெயரைத் திருப்பிப் போட்டும் ஒருமுறை தேடச் சொல்வது இதனால்தான்.

8. எல்லா விதமாகவும் தேடிவிட்டேன். என் பெயரில் ஒருவர்கூட இல்லை. உலகத்தில் நான் மட்டும்தானா?

இணையத்தில் தென்படுபவர் நீங்கள் மட்டும். அவ்வளவுதான் சொல்ல முடியும். இணையத்துக்கே வராதவர்கள், கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டதால் பழைய பெயரில் அகப்படாத பெண்கள், சான்றிதழில் ஒன்றும் வழக்கில் ஒன்றுமாகப் பெயர் வைத்திருப்பவர்கள், தேடுபொறி நுழைய முடியாத பூட்டிய கணக்குக்காரர்கள் என்று தேடலுக்கு வெளியே பெரிய கூட்டம் இருக்கிறது. 'இல்லை' என்று தேடுபொறி சொன்னால் 'எனக்குத் தெரியாது' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். தனித்த பெயர் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. உங்களைப் பற்றி எங்கே என்ன எழுதினாலும் அது நேராக உங்களிடம்தான் வந்து சேரும். பொதுவான பெயர்க்காரர்களுக்குக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் வசதி இருக்கிறது.

9. அப்படியானால் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர் எது?

முழுப் பெயர் என்று பார்த்தால் சீனாவின் 'சாங் வெய்' முன்வரிசையில் நிற்கும். அந்த நாட்டின் பதிவேடுகளின்படி அந்தப் பெயரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர். வாங், லி ஆகிய குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் 10 கோடிக்கு மேல். தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். இங்கெல்லாம் அரசுப் பதிவேடு இருப்பதால் எண்ணிச் சொல்ல முடிகிறது. 'உங்கள் பெயரில் உலகில் 4,312 பேர்' என்று பட்டென்று எண் சொல்லும் தளங்களும் உண்டு. அவை மாதிரித் தரவிலிருந்து பெருக்கிப் போட்ட கணக்குகள். கடைசி இலக்கம் வரை சொல்வதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

10. நான்கு பக்கங்களில் என் பெயர் வருகிறது. நான்கு ஆட்களா, ஒரே ஆளா, எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் சறுக்கும் இடம் இது. பெயர் ஒன்றாக இருப்பது சான்றே அல்ல. அது ஒன்றாக இருப்பதால்தானே தேடலில் வந்தது! அதற்கு வெளியே, ஒன்றையொன்று சாராத இரண்டு விவரங்களாவது பொருந்த வேண்டும் என்பது என் விதி. பிறந்த வருடமும் தொழிலும் பொருந்தினால் சரி. ஊரும் நாடும் பொருந்தினால் அது ஒரே விவரம்தான், இரண்டல்ல. படம் பொருந்துகிறது என்று மட்டும் நம்பாதீர்கள். தானாகத் தொகுக்கும் தளங்கள் ஒருவர் படத்தை இன்னொருவர் விவரத்துக்கு மேல் ஒட்டுவது சகஜம்.

காலமும் உதவும். ஒருவர் 1978இல் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார், இன்னொருவர் 2019இல் பள்ளிச் சதுரங்கப் போட்டியில் வென்றிருக்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இவ்விருவரையும் ஒன்றாக்கி வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். நம் இலக்கியத்திலும் இது நடந்ததுதானே? வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த பல புலவர்கள் அவ்வையார் என்ற ஒரே பெயரில் ஒரே பாட்டியாகி, எல்லாக் காலத்துக்கும் கோலூன்றி நடந்து வருகிறார். சங்கப் புலவர்களுக்கோ ஊர், தொழில், தந்தை பெயர் எல்லாம் முன்னொட்டாக வரும்: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். தானியம் விற்கும் சாத்தனார், மற்ற சாத்தனார் இல்லை. அருமையான ஏற்பாடு.

அதே ஏற்பாட்டைத்தான் இன்றைய பட்டியல்களும் செய்கின்றன. நூலகங்கள் ஆசிரியர் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்க்கும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி ஒரே பெயர்க்காரர்களுக்கு ரோமன் எண் போடும். விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று தனிப் பக்கமே உண்டு. ஆய்வாளர்களுக்கு 2012இலிருந்து 'ஆர்கிட்' என்ற 16 இலக்க அடையாள எண் கிடைக்கிறது. பெயர் மாறினாலும் எண் மாறாது. நீங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் என்றால் இன்றே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை.

11. தேடுபொறியில் என் பெயருக்குப் பக்கத்தில் வரும் பெட்டியில் படம் என்னுடையது, வாழ்க்கை வேறொருவருடையது. என்ன செய்வது?

10ஆம் பதிலில் சொன்ன ஒட்டுவேலைதான், இந்த முறை தேடுபொறியே செய்தது. பெட்டியில் கருத்துத் தெரிவிக்கும் பொத்தான் இருக்கும். எந்த வரி தவறு, ஏன் தவறு என்று சுருக்கமாக எழுதுங்கள். பெட்டி உங்களைப் பற்றியதுதான் என்றால், உங்களுடையது என்று உறுதிப்படுத்தி உரிமை கோரும் வழியும் உண்டு. அதோடு, படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயும் திருத்தச் சொல்லுங்கள். மூலத்தில் தவறு இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வரும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியிடம் 'இன்னார் யார்?' என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். பெயரொத்தவர்களைக் கலந்து, இல்லாத பட்டத்தையும் சேர்த்து, சரளமாக ஒரு மனிதரைப் படைத்துக் கொடுத்துவிடும். தேடுபொறியாவது பக்கத்தைக் காட்டுகிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூலம் காட்டாத பதிலை ஆள் பற்றிய விஷயத்தில் நான் எடுத்துக்கொள்வதில்லை.

12. ஒரு பெயரொத்தவரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு எழுதலாமா?

எழுதலாம். ஒரு முறை, சுருக்கமாக, எதுவும் கேட்காமல். 'வணக்கம், எனக்கும் உங்கள் பெயர்தான். தேடும்போது உங்களைப் பார்த்தேன், மகிழ்ச்சி. பதில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை.' இவ்வளவு போதும். அவரே பொதுவில் வைத்திருக்கும் தொடர்பு வழியில் மட்டும் எழுதுங்கள். எங்கோ தோண்டியெடுத்த கைபேசி எண்ணில் கூப்பிடாதீர்கள். அவரைப் பற்றி நீங்கள் படித்ததையெல்லாம் ஒப்பிக்கவும் வேண்டாம். உங்களுக்கு அது ஆர்வம். அவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தன் பிள்ளைகளின் பள்ளிவரை தெரிந்து வைத்திருப்பது திகிலாக இருக்கும்.

13. எழுதினேன், பதிலே இல்லையே?

விட்டுவிடுங்கள். உங்கள் பெயரிலேயே ஒருவர் செய்தி அனுப்பினால் அது மோசடி என்று நினைப்பதுதான் இந்தக் காலத்தில் புத்திசாலித்தனம்.

14. இப்படித் தேடிப் பிடித்து நேரில் சந்தித்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு, கூட்டமாகவே. ஜப்பானில் ஹிரோகாசு தனாகா என்பவர், தன் பெயரிலேயே ஒரு பேஸ்பால் வீரர் தேர்வானதை 1994இல் செய்தியில் பார்த்துப் பெயரொத்தவர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். 2022 அக்டோபர் 29 அன்று டோக்கியோவில் 178 ஹிரோகாசு தனாகாக்கள் ஓர் அரங்கில் கூடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதற்கு முந்தைய சாதனை அமெரிக்காவில் 2005இல் கூடிய 164 மார்த்தா ஸ்டூவர்ட்களுடையது. தனாகாக்களின் பெருமையும் நீடிக்கவில்லை, அடுத்த வருடமே செர்பியாவில் ஒரே பெயருள்ள 256 பேர் கூடிவிட்டார்கள். முதல் பெயர் மட்டும் போதும் என்றால் கணக்கு வேறு: 2017இல் போஸ்னியாவின் குப்ரெஸ் ஊரில் 2,325 இவான்கள்.

எனக்குப் பிடித்தது ஜோஷ் கதை. 2020 ஏப்ரல் 24 அன்று ஜோஷ் ஸ்வெயின் என்ற அமெரிக்க மாணவர், தன் பெயர்க்காரர்கள் பலரை ஒரே பேஸ்புக் உரையாடலில் சேர்த்து, 'ஒரு வருடம் கழித்து இன்ன இடத்துக்கு வாருங்கள், பெயருக்காகச் சண்டை போடுவோம்' என்று விளையாட்டாக எழுதினார். அடுத்த வருடம் அதே நாளில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். ஜோஷ் ஸ்வெயின்கள் கல்-காகிதம்-கத்தரி விளையாடித் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். மற்ற ஜோஷ்கள் நீச்சல்குளத்து நுரைக் குழல்களால் அடித்துக்கொண்டார்கள். பட்டம் கட்டியது நான்கு வயது ஜோஷுக்கு. குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதியும் சேர்ந்தது.

15. யாரோ ஒரு பெயரொத்தவருக்குப் போக வேண்டிய மின்னஞ்சல்கள் என் ஜிமெயிலுக்கு வருகின்றன. அவர் முகவரியில் புள்ளி இருக்கிறது, என்னுடையதில் இல்லை. ஜிமெயில் குழம்பிவிட்டதா?

குழம்பவில்லை. ஜிமெயில் முகவரியில் புள்ளிக்கு மதிப்பே இல்லை. நீங்கள் புள்ளியில்லாமல் பதிந்த பெயரை எத்தனை புள்ளி வைத்து எழுதினாலும் அது உங்கள் முகவரிதான், வேறு யாருக்கும் கிடைக்காது. அப்படியானால் அந்தக் கடிதங்கள்? பெயரொத்தவர் தன் முகவரியைத் தவறாகக் கொடுக்கிறார். கடைசியில் இருக்கும் எண்ணை மறந்திருப்பார், அல்லது யாரோ காதால் கேட்டு அரைகுறையாக எழுதியிருப்பார்கள்.

எனக்கு இப்படி ஒரு பெயரொத்தவரின் வீட்டுப் பராமரிப்புக் கடிதங்கள் மாதக்கணக்கில் வந்தன. அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதும், ஆள் எந்தத் தேதியில் வருவார் என்பதும் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அனுப்பும் நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் குழாய் குறித்து' என்றே பதில் வந்தது. கடைசியில் பழுதுபார்க்க வரும் மனிதரின் கைபேசி எண் ஒரு கடிதத்தில் இருந்தது. அவரிடம் சொன்னதும் ஒரே நாளில் முடிந்தது.

மனிதர் அனுப்பியது என்றால் 'ஆள் மாறிவிட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். நிறுவனக் கடிதம் என்றால் 'இது என் கணக்கல்ல' என்ற இணைப்பு இருக்கிறதா பாருங்கள். சந்தேகமான அனுப்புநராக இருந்தால் எதையும் அழுத்த வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கடவுச்சொல்லை மீட்டமைத்து அவர் கணக்குக்குள் நுழைவது. 'என் முகவரிக்குத்தானே வந்தது' என்ற வாதம் நிற்காது. அது இன்னொருவர் கணக்கு.

16. என் பெயரொத்தவர் ஒரு குற்ற வழக்கில் சிக்கியிருக்கிறார். வேலைக்கு விண்ணப்பித்தால் என்னை அவர் என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைக்கலாம். பெரிய மனிதர்களையே விடவில்லை. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியை விமானத்தில் ஏறவிடாமல் பலமுறை தடுத்தார்கள், கண்காணிப்புப் பட்டியலில் அவரைப் போன்ற ஒரு பெயர் இருந்ததால். 2004இல் அவரே செனட் விசாரணையில் சொன்னது இது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நாடக வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் மேயர், செச்சென் தீவிரவாதி ஒருவர் அந்தப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டதால் முதுமையில் பெரும் தொல்லைப்பட்டார்.

செய்யக்கூடியது, முந்திக்கொள்வது. விண்ணப்பத்திலேயே 'இதே பெயருள்ள இன்னொருவர் பற்றிய செய்திகள் இணையத்தில் உள்ளன, அவர் நானல்ல' என்று ஒரு வரி போடுங்கள். வயது, தொழில் வேறுபாட்டைச் சொல்லுங்கள். நடுப் பெயரையோ விரித்த இனிஷியலையோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். படத்தோடு உங்களுக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியை நீக்கச் சொல்லலாமா என்று உடனே கேட்பார்கள். ஒருவர் பெயரில் தேடும்போது வரும் பொருத்தமற்ற, காலாவதியான இணைப்புகளை விலக்கக் கோரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே 13 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அது, தன்னைப் பற்றிய தகவலுக்காக ஒருவர் தொடுத்த வழக்கு. உங்கள் விஷயத்தில் செய்தி உங்களைப் பற்றியதே அல்ல. அதில் உங்கள் படம் தவறாக வந்திருந்தால் மட்டும் வலுவாகக் கேளுங்கள்.

17. பேசாமல் பெயரை மாற்றிக்கொண்டால் என்ன?

நடிகர்களும் பாடகர்களும் செய்வதுதான். மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் மாற்றினார். டேவிட் போவி, இயற்பெயரான டேவிட் ஜோன்ஸை விட்டதும் டேவி ஜோன்ஸ் என்ற இன்னொரு பாடகரால்தான். தொழிலுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது எளிது. சட்டப்படி மாற்றினால் சான்றிதழ், வங்கி, கடவுச்சீட்டு என்று எல்லாவற்றையும் துரத்த வேண்டும், பழைய பெயரும் தேடலில் கிடக்கும். 16இல் சொன்னபடி நடுப் பெயரையோ விரித்த இனிஷியலையோ சேர்த்துப் பாருங்கள் முதலில்.

18. என் பெயரிலும் என் படத்தோடும் ஒரு கணக்கு இருக்கிறது. அதுவும் பெயரொத்தவரா?

இல்லை, அது ஆள்மாறாட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயர் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம், உங்கள் முகம் இருக்காது. அந்தத் தளத்திலேயே ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பண உதவி கேட்டுச் செய்தி வரலாம் என்று நண்பர்களையும் எச்சரியுங்கள்.

19. பெயர் ஒன்றாக இருந்தால் வாழ்க்கையும் ஓரளவு ஒன்றாக இருக்குமா? என் பெயர்க்காரர்கள் எல்லோரும் ஆசிரியர்களாகவே இருக்கிறார்களே!

2002இல் பெல்ஹாம் என்ற உளவியலாளரும் சகாக்களும், மக்கள் தங்கள் பெயரை ஒத்த ஒலியுள்ள ஊர்களையும் தொழில்களையும் சற்றே அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதிப் பரபரப்பாக்கினார்கள். நம்ப ஆசையாக இருக்கும். 2011இல் ஊரி சைமன்சோன் அதே மாதிரித் தரவுகளைக் குடைந்து, பெயர்களின் தலைமுறை நாகரிகம் போன்ற சாதாரணக் காரணங்களே போதுமான விளக்கம் என்று காட்டினார். ஒரு பெயர் ஒரு காலத்தில் ஒரு வகைக் குடும்பங்களில் அதிகம் வைக்கப்படுகிறது. அந்தத் தலைமுறைக்கு அப்போது திறந்திருந்த வேலைகளுக்கு அவர்கள் போகிறார்கள். உங்கள் ஆசிரியர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: பள்ளிகளும் கல்லூரிகளும் ஊழியர் பட்டியலை இணையத்தில் போடுகின்றன. தச்சுப் பட்டறைகள் போடுவதில்லை.

20. தேடும்போது என் பெயரில் ஓர் இரங்கல் அறிவிப்பு வந்தது. ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. தேடுபவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும். அபூர்வமல்லாத பெயர் என்றால் சீக்கிரமே. என் பெயரில் இறந்துபோனவர் 81 வயதுக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், மூன்று பேரக்குழந்தைகள். தேநீர் ஆறிப்போகும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரங்கல் எழுதும் இடத்தில் ஒரு வரி எழுதலாமா என்று தோன்றியது. கீழே என் பெயரைப் போட வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. அந்தக் குடும்பம் அதைப் பார்த்து என்ன நினைக்கும்?

இரண்டு நாள் கழித்து, பல வருடம் பேசாத பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். குரலில் தயக்கம். யார் பேசுவது என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். 'எந்த...' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.